குரல் சென்ற சுற்றுவழி: நெஞ்சக நரம்புகளின் வரலாறு

எழுத்தொலி எங்கே பிறக்கிறது என்னும் வினாவைத் தமிழ் இலக்கணம் தொடக்கத்திலேயே எழுப்பி விடையும் கூறியது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்று இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறு வேறு எழுத்துகளாகப் பிறக்கிறது என்று தொல்காப்பியத்துப் பிறப்பியல் வகுத்துரைக்கிறது. பின்வந்த நன்னூல் வல்லின எழுத்துகளுக்கு நெஞ்சையே பிறப்பிடமாகக் காட்டுகிறது.

இலக்கணியர் கண்ட நெஞ்சு காற்று தங்கும் இடம். புலவர் கண்ட நெஞ்சோ வேறு. அது கேட்கும், மறுமொழி சொல்லாது வருத்தும், உடையவரை விட்டுக் காதலர் பின்னே போய்விடும். திருக்குறளின் காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்', 'நெஞ்சொடு புலத்தல்' என இரண்டு அதிகாரங்களே அதற்கென அமைந்துள்ளன. விலா எலும்புகளால் ஆன கூட்டையும், அதனுள் இருப்பதாகக் கருதப்பட்ட மனத்தையும் ஒரே சொல்லால் சுட்டுவது தமிழின் வழக்கு.

இவ்வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. பழங்கிரேக்க மொழியில் 'ப்ரேன்' என்னும் சொல் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தைக் குறித்தது. அறிவையும் உணர்வையும் கூடக் குறித்தது. இன்றும் உதரவிதானத்தை இயக்கும் நரம்புக்கு 'ப்ரெனிக்' நரம்பு என்று பெயர். உள்ளம் சிதறும் நோய்க்கு 'ஸ்கிட்ஸோப்ரெனியா' என்று பெயர். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நரம்பு என்னும் சொல்லிலும் இத்தகைய ஒற்றுமை உண்டு. பழந்தமிழில் நரம்பு என்றால் யாழின் தந்தியும் ஆகும். கிரேக்கத்தின் 'நியூரோன்', இலத்தீனத்தின் 'நெர்வஸ்' ஆகிய சொற்களும் தசைநாணையும் இசைக்கருவியின் தந்தியையும் முதலில் குறித்துப் பின்னரே உணர்வு நரம்பின் பெயராயின.

சொற்களின் இந்த ஒற்றுமை இனிமையானது. எனினும் கிரேக்க நாட்டில் அது ஒரு பெரும் வழக்காக மூண்டது. மனம் நெஞ்சில் இருக்கிறதா, தலையில் இருக்கிறதா என்பது வழக்கு. அவ்வழக்கில் புலவர்கள் சாட்சிகளாக அழைக்கப்பட்டார்கள். நெஞ்சக நரம்புகளைப் பற்றிய அறிவின் வரலாறு அங்கிருந்துதான் விறுவிறுப்படைகிறது.

சாட்சிக் கூண்டில் புலவர்

உணர்வுக்கும் இயக்கத்துக்கும் இதயமே தலைமை என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. மூளை உடலின் வெப்பத்தைத் தணிக்கும் உறுப்பு என்றே அவர் கருதினார். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலஸ் மனித உடலையே அறுத்து ஆராய்ந்து, நரம்புகள் மூளையோடும் தண்டுவடத்தோடும் தொடர்புடையவை எனக் கண்டார். ஆயினும் அறிஞர் உலகம் அதனை ஒருமுகமாக ஏற்கவில்லை.

ஏற்காதோருள் தலையாயவர் ஸ்டோயிக் நெறியின் மூன்றாம் தலைவராக விளங்கிய கிறிசிப்பஸ். குரல் மூச்சுக்குழாய் வழியே வருகிறது. பொருளுடைய பேச்சும் அவ்வழியே வருகிறது. பேச்சு எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் சிந்தனையும் இருத்தல் வேண்டும். மூச்சுக்குழாயின் அடியில் இருப்பது நெஞ்சு. ஆகவே சிந்தனையின் இருப்பிடம் நெஞ்சே. இவ்வாறு ஸ்டோயிக்கர் வாதிட்டனர். 'நான்' என்று சொல்லும்போது மனிதர் தம் மார்பைத் தொட்டுக் காட்டுகின்றனர் என்பதையும் கிறிசிப்பஸ் சான்றாகக் கொண்டார். இவற்றுக்கு மேலாக, ஹோமர், ஹெசியட், யூரிப்பிடீஸ் முதலியோரின் பாடல்களிலிருந்து அடிகளை அடுக்கினார். சினம் மார்பில் பொங்குவதாகவும், துயரம் மார்பில் தங்குவதாகவும் புலவர்கள் ஒரே குரலில் பாடியிருக்கும்போது, வேறு சான்று எதற்கு என்பது அவர் எண்ணம்.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. அச்சத்தில் நெஞ்சு படபடப்பதையும், பிரிவில் நெஞ்சு கனப்பதையும் அறியாதவர் இல்லை. எல்லா நாட்டு மக்களும் ஒப்புக்கொள்ளும் அனுபவத்தை மறுப்பதாயின், அதற்குச் சொல் போதாது, காட்சி வேண்டும்.

உரோமாபுரியில் ஒரு பன்றி

அக்காட்சியைக் காட்டியவர் கேலன். கி.பி. 129இல் ஆசியா மைனரின் பெர்காமம் நகரில் பிறந்த இந்தக் கிரேக்க மருத்துவர் 162இல் உரோமாபுரிக்கு வந்தார். அங்கே கான்சல் பதவி வகித்தவரும் கல்வியில் நாட்டம் மிக்கவருமான பிளேவியஸ் போயீத்தஸ் அவருக்கு ஆதரவாளரானார். குரலும் மூச்சும் எவ்வாறு உண்டாகின்றன என்பதை அறிஞர்கள் முன்னிலையில் செய்து காட்டுமாறு போயீத்தஸ் வேண்டினார்.

அவையில் தமாஸ்கஸ் நகரத்து அலெக்சாந்தர் என்னும் அரிஸ்டாட்டில் நெறியாளரும் இருந்தார். கேலன் தொடங்குமுன்பே, புலன்கள் காட்டுவதை நம்பலாமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டாமா என்று அவர் கேட்டார். அதனைக் கேட்ட கேலன் சினந்து, கண்ணால் கண்டதையே ஐயுறுவோருக்குக் காட்டிப் பயனில்லை என்று அவையை விட்டு வெளியேறினார். செய்தி நகரில் பரவிற்று. பின்னர் அறிஞர் பலர் கூடி வற்புறுத்தவே, கேலன் பல நாட்கள் தொடர்ந்து செய்து காட்டினார்.

அச்செய்கை இன்று நினைத்தாலும் உடல் நடுங்கச் செய்வது. உயிருள்ள பன்றி ஒன்று பலகையில் கட்டப்பட்டது. அது ஓயாது அலறியது. அதன் கழுத்தைத் திறந்த கேலன், மூச்சுக்குழாயின் இருபுறமும் முடிபோல் மெலிந்து ஓடிய இரு நரம்புகளைக் காட்டி, நூலால் அவற்றைக் கட்டினார். அலறல் நின்றது. விலங்கு உயிரோடிருந்தது, மூச்சு விட்டது, துடித்தது. குரல் மட்டும் இல்லை. நூலை அவிழ்த்ததும் குரல் திரும்பியது.

குரலுக்குரிய கட்டளை இதயத்திலிருந்து வருவதாயின், கழுத்திலுள்ள மெல்லிய இழையைக் கட்டியதால் அது நிற்க வேண்டியதில்லை. அந்த இழையோ மூளையிலிருந்து இறங்கும் நரம்பின் கிளை. கிறிசிப்பஸின் நெடிய வாதத்தை ஒரு முழ நூல் முடித்து வைத்தது.

கேலன் அத்துடன் நிற்கவில்லை. விலா எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்புகளைக் கட்டினால் விலங்கு பலமாகக் காற்றை வெளியேற்ற இயலாமல் குரலிழப்பதையும் கண்டார். தண்டுவடத்தை வெவ்வேறு மட்டங்களில் வெட்டி, மூச்சின் எந்தப் பகுதி எப்போது நிற்கிறது என்று பார்த்தார். உதரவிதானத்துக்குரிய நரம்பு மார்பில் தோன்றாமல் கழுத்திலேயே தோன்றி நெஞ்சின் ஊடே நெடுந்தொலைவு இறங்கி வருவதையும் விளக்கினார். இவற்றிலிருந்து அவர் பெற்ற முடிவு தெளிவானது: நெஞ்சு குரலுக்கு வேண்டிய காற்றைத் தருகிறது, குரல்வளை அதனை ஒலியாக்குகிறது, ஆணை தலையிலிருந்து வருகிறது.

மனிதரிடத்தும் இது உண்மை என்பதற்கு அவர் இரு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துள்ளார். கழுத்துக் கட்டிகளை அகற்றிய அறுவையாளர் அறியாமல் நரம்புகளைச் சிதைத்ததால் ஒரு சிறுவன் முற்றிலும் ஊமையானான். மற்றொரு சிறுவனுக்கு ஒருபுறத்து நரம்பு மட்டும் கெட்டதால் குரல் பாதியாயிற்று.

புலவர்களைச் சாட்சிகளாக அழைத்ததற்காகக் கேலன் கிறிசிப்பஸைக் கடுமையாக எள்ளினார். உடற்கூற்றை அறியப் பாடல்களைப் புரட்டுவது முறையன்று என்றார். இதில் ஒரு முரண் உண்டு. ஆன்மாவைப் பற்றிக் கிறிசிப்பஸ் எழுதிய நூல் அழிந்துபோயிற்று. அவர் அடுக்கிய சான்றுகள் பல இன்று கிடைப்பது, மறுப்பதற்காகக் கேலன் அவற்றை எடுத்தெழுதியதால்தான்.

வளைந்து மீளும் நரம்பு

கேலன் கட்டிய அந்த நரம்பின் வழியே வியப்புக்குரியது. மூளையின் அடியிலிருந்து புறப்படும் வேகஸ் நரம்பு கழுத்தின் வழியே நெஞ்சுக்குள் இறங்குகிறது. 'வேகஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். குரல்வளை, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என அது செல்லாத இடம் குறைவு. குரல்வளைக்குச் செல்ல வேண்டிய முதன்மையான கிளை, குரல்வளையைக் கடந்து கீழே சென்ற பின்னரே அதனின்றும் பிரிகிறது. இடப்புறக் கிளை இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியின் வளைவு வரை இறங்கி, அதன் அடியில் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலே ஏறிக் குரல்வளையை அடைகிறது. வலப்புறக் கிளை காறை எலும்பின் அடியில் ஓடும் தமனியைச் சுற்றி மேலேறுகிறது. ஆகவே இதனை மீள்குரல்வளை நரம்பு என்பர்.

தலைக்கும் மிடற்றுக்கும் இடையே ஒரு சாண் தொலைவு. அதற்கு ஏன் நெஞ்சு வரை சென்று திரும்ப வேண்டும்? கேலன் இதனை இயற்கையின் பேரறிவாகக் கண்டார். குரல்வளைத் தசைகளைக் கீழிருந்து இழுக்க வேண்டியிருப்பதால், முறிந்த எலும்பை நீட்டப் பயன்படும் கருவியிலுள்ள கப்பியைப் போல் தமனியை இயற்கை பயன்படுத்திக்கொண்டது என்றார். மறைபொருள் ஒன்றை அடியார்க்கு உரைப்பவரைப் போன்ற பக்தியோடு அவர் அப்பகுதியை எழுதினார்.

இன்றைய அறிவியல் வேறு காரணம் கூறுகிறது. மீன்களில் இதற்கு நேரான நரம்பு செவுள் வளைவின் தமனிக்குப் பின்னால் நேர்வழியாகவே செல்கிறது. அங்கே கழுத்து இல்லை. இதயம் தலைக்கு அருகிலேயே உள்ளது. கழுத்து நீண்டு, இதயம் மார்புக்குள் இறங்கிய விலங்குகளில் தமனியும் உடன் இறங்கிற்று. அதன் அடியில் சிக்கிய நரம்பும் இழுபட்டு நீண்டது. கருவிலிருக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் இந்த இறக்கம் மீண்டும் நிகழ்கிறது. ஒட்டகச்சிவிங்கியில் இச்சுற்றுவழி பல முழம் நீள்கிறது. கேலன் திட்டம் என்று கண்டதை இன்று வரலாறு என்று காண்கின்றனர். உதரவிதான நரம்பு கழுத்திலிருந்து புறப்படுவதற்கும் இதுவே காரணம். உதரவிதானம் கருவில் கழுத்தருகே தோன்றிக் கீழிறங்கும்போது தன் நரம்பையும் உடன் கொண்டுவந்தது.

பாக்தாதிலிருந்து ஆக்ஸ்போர்டு வரை

கேலனின் உடற்கூற்று நூலின் பிற்பகுதி கிரேக்க மூலத்தில் எஞ்சவில்லை. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர் வழியினரும் செய்த அரபு மொழிபெயர்ப்பினாலேயே அது உலகுக்குக் கிடைத்தது. ஒரு மொழியில் மடிந்தது மற்றொரு மொழியில் உயிர்த்திருந்தது என்பது மொழிபெயர்ப்பாளரின் தொண்டுக்குத் தக்க சான்று.

1543இல் வெசேலியஸ் வெளியிட்ட மனித உடலமைப்பு நூல், கேலன் மனித உடலை அறுக்காமல் விலங்குகளை வைத்து எழுதியதால் நேர்ந்த பிழைகள் பலவற்றைத் திருத்தியது. ஆனால் குரல் நரம்பைப் பற்றிய பன்றிச் சோதனையை அவர் திருத்தவில்லை. தம் நூலின் இறுதி இயலில் அதனையே மீண்டும் செய்து காட்டினார். அந்நூலின் அலங்கார முதலெழுத்துகளில் ஒன்றில், குழந்தைகள் கட்டுண்ட பன்றியைச் சூழ்ந்து நிற்கும் சித்திரம் உள்ளது.

1664இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த தாமஸ் வில்லிஸ் மூளையையும் நரம்புகளையும் பற்றிய நூலை வெளியிட்டார். அதன் படங்களை வரைந்தவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் இலண்டனில் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். இதயத்துக்கும் மூளைக்கும் இடையே விலங்குகளைவிட மனிதரிடத்தில் நரம்புத் தொடர்பு மிகுதி என்று வில்லிஸ் கருதினார். முதுகெலும்பின் இருபுறமும் மணிமாலை போல் முடிச்சுகளோடு ஓடும் நரம்புத் தொடரை அவர் விரிவாக ஆராய்ந்தார். 1732இல் பாரிசில் வின்ஸ்லோ அதற்குப் 'பெரும் பரிவு நரம்பு' என்று பொருள்படப் பெயரிட்டார். ஓர் உறுப்பு துன்புற்றால் மற்றோர் உறுப்பும் உடன் துன்புறுகிறது என்னும் பழங்கிரேக்கக் கருத்தே அப்பெயரின் அடிப்படை. தமிழ்ப் பாடநூல்கள் அதனைப் பரிவு நரம்பு மண்டலம் என்று வழங்குவது சொல்லுக்குச் சொல் பொருத்தமானது.

பரிவு நரம்பு இதயத்தை விரைவுபடுத்தும். வேகஸ் நரம்பு என்ன செய்யும்? 1845இல் வெபர் சகோதரர்கள் வேகஸ் நரம்பை மின்னோட்டத்தால் தூண்டினர். இதயம் விரைவதற்குப் பதில் தளர்ந்து நின்றது. நரம்பு என்றால் தூண்டுவது என்று மட்டுமே எண்ணியிருந்த உலகுக்கு, அடக்குவதும் நரம்பின் தொழிலே என்பது புதிய செய்தி. மனிதரின் நெஞ்சில் முடுக்குவதும் தடுப்பதுமாகிய இரண்டு நரம்புகள் கணந்தோறும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு படபடப்பு அந்த வாதத்தின் முடிவு.

பாட்டாசிரியர் தந்த கண்ணாடி

உயிருள்ள மனிதரின் குரல்நாண்கள் அசைவதைப் பார்க்க மருத்துவர் பலர் முயன்றும் பயன் காணாதிருந்தபோது, அதனைச் செவ்வனே நிறைவேற்றியவர் மருத்துவரல்லர். பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர். ஸ்பானிய இசைக் குடும்பத்தில் பிறந்த மனுவேல் கார்சியா 1854இல் பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பித் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டு இலண்டன் ராயல் கழகத்தில் அவர் கண்டவை வாசிக்கப்பட்டன. 1906இல் தம் 101ஆம் வயதில் அவர் மறைந்தார்.

பாடும் கலைக்காகச் செய்யப்பட்ட அச்செயல் நெஞ்சு நோயைக் கண்டறியும் வழியாயிற்று. இடப்புறக் குரல்நாண் அசையாமல் கிடப்பதைக் கண்ணாடியில் கண்ட மருத்துவர், நோய் தொண்டையில் இல்லாதபோது நெஞ்சைத் தேடினர். பெருந்தமனி வீங்கி அந்நரம்பை நசுக்கியிருக்கலாம். நுரையீரலின் மேற்பகுதியில் கட்டி வளர்ந்திருக்கலாம். 1897இல் வியன்னாவின் நார்பர்ட் ஆர்ட்னர், ஈரிதழ் வால்வு குறுகி இதயத்தின் இட மேலறை விரிவதால் குரல் கம்மிப்போகும் நோயாளரைப் பற்றி எழுதினார். இதயம் விம்மிப் பருத்ததால் குரல் அடைத்தது என்று ஒரு புலவர் எழுதினால் அது உவமை. ஆர்ட்னர் எழுதியது நோய்க்குறிப்பு. எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவை வந்த பின்னும், காரணமின்றி வாரக்கணக்கில் நீடிக்கும் குரல்கம்மலை மருத்துவர் அலட்சியம் செய்யாததற்கு இந்நரம்பின் சுற்றுவழியே காரணம்.

மானிப்பாயில் தமிழ் பெற்றது

இவ்வறிவு தமிழ் பேசத் தொடங்கியது யாழ்ப்பாணத்தில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் அமெரிக்க மிஷனின் சார்பில் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க முனைந்தார். அதற்குத் தமிழில் நூல்கள் வேண்டியிருந்தன. மாணவர்களின் துணையோடு அவர் நூல்களைப் பெயர்த்தார், திருத்தினார், பதிப்பித்தார்.

இலண்டனில் 1858இல் ஹென்றி கிரே எழுதி வெளியான உடற்கூற்று நூல் அன்று புதியது. அதன் படங்களை வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் அவ்வாண்டே பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். கிரே 1861இல் அம்மை நோயால் 34 வயதிலேயே இறந்தார். அந்நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் யாழ்ப்பாணத்தில் தமிழில் வெளிவந்தது. உறுப்புகளை அடியிலிருந்து முடிவரை கூறும் பாதாதிகேசமும், முடியிலிருந்து கூறும் கேசாதிபாதமும் தமிழ்ப் புலவர் நன்கறிந்த சிற்றிலக்கிய வகைகள். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்று பெயர் வாய்த்தபோது, அறுவைக் கத்தியும் புலமை மரபும் ஒரு சொல்லில் சந்தித்தன. உடலியங்கியலுக்குச் 'சுகரணம்', அறுவை மருத்துவத்துக்கு 'இரணவைத்தியம்', வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' என்று அக்கால நூல்கள் வழங்கின. தமிழ்ச் சொல் கிடைத்தால் தமிழ், இல்லையேல் வடமொழி, அதுவும் இல்லையேல் ஆங்கில ஒலிபெயர்ப்பு என்னும் நெறி அவற்றில் காணப்படுகிறது.

கிறீன் 1873இல் தாய்நாடு திரும்பினார், திரும்பிய பின்னும் தமிழ் நூற்பணியைக் கைவிடவில்லை, 1884இல் மறைந்தார். 'தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர்' என்னும் பொருளில் தம் கல்லறையில் எழுதப்பட வேண்டும் என விரும்பியவர் அவர். அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. ஆயினும் நெஞ்சின் உள்ளே ஓடும் நரம்புகளைத் தமிழ் உரைநடை ஒருமுறை பெயர் சொல்லி அழைத்துவிட்டது. நெஞ்சோடு பேசிப் பழகிய மொழி, நெஞ்சைப் பற்றியும் பேசக் கற்றுக்கொண்டது.

நோவை வரைந்த கவிஞர்

நெஞ்சின் நோவு எங்கே உணரப்படுகிறது என்னும் வினாவுக்கு விடை தேடியவர் இலண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட். 1861இல் பிறந்த அவர் நரம்பியலறிஞர், கவிஞருமாவார், 1919இல் தம் கவிதைத் தொகுதியையும் வெளியிட்டார். உள்ளுறுப்பு நோயுற்றால் வலி அவ்வுறுப்பில் அன்றி உடலின் மேற்பரப்பில் குறிப்பிட்ட பட்டைகளில் உணரப்படுவதை 1893 முதல் அவர் ஆராய்ந்து வெளியிட்டார். இதயத்திலிருந்து வரும் வலி இழைகள் பரிவு நரம்பின் வழியே சென்று தண்டுவடத்தின் மேல் மார்புப் பகுதியை அடைகின்றன. மார்பின் தோலிலிருந்தும் இடக்கையின் உட்புறத்திலிருந்தும் வரும் இழைகளும் அங்கேயே வந்து சேர்கின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய மூளையால் இயலவில்லை. ஆகவே இதயத்தின் நோவு மார்பின் நோவாகவும் கையின் நோவாகவும் தோன்றுகிறது.

1900இல் ஹெட்டும் காம்ப்பெல்லும் அக்கி நோயை ஆராய்ந்து, ஒவ்வொரு நரம்புக்கும் உரிய தோற்பட்டையை வரைபடமாக்கினர். விலாவிடை நரம்பின் வழியே கொப்புளங்கள் அரைக்கச்சைபோல் வளைந்து வந்து நடுமார்பில் நின்றுவிடும். நான்காம் மார்பு நரம்பின் பட்டை முலைக்காம்பின் மட்டத்திலும், பத்தாம் நரம்பின் பட்டை கொப்பூழ் மட்டத்திலும் அமைகின்றன. தமிழகத்தில் குயவர் காவிக்குழம்பால் அக்கி எழுதியதும் அந்தப் பட்டைகளின் மேல்தான்.

பிறர் சொல்லும் உணர்ச்சியை மட்டும் நம்பி எழுதுவதில் ஹெட்டுக்கு நிறைவில்லை. 1903இல் தம் இடக்கையின் நரம்பொன்றைத் தாமே விரும்பி வெட்டச் செய்து, உணர்ச்சி திரும்பி வரும் விதத்தை நண்பர் ரிவர்ஸின் துணையோடு ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். பன்றியைக் கட்டிய கேலனுக்கும் தம் கையையே நீட்டிய ஹெட்டுக்கும் இடையே அறிவியல் கடந்து வந்த தொலைவு கத்தியின் கூர்மையில் மட்டும் இல்லை.

கனவும் மாற்றிதயமும்

நரம்பு தன் செய்தியை இதயத்திடம் எவ்வாறு ஒப்படைக்கிறது என்பது அடுத்த வினா. ஆஸ்திரிய நாட்டு கிராஸ் நகரில் ஒட்டோ லோவி ஓரிரவு கனவில் அதற்குரிய சோதனையைக் கண்டு, எழுந்து குறித்துவைத்தார். காலையில் தம் கையெழுத்தையே அவரால் படிக்க இயலவில்லை. மறுநாள் இரவும் அக்கனவு வந்தது. இம்முறை அவர் காத்திராமல் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதனைச் சூழ்ந்திருந்த நீரை மற்றோர் இதயத்தின்மேல் விட்டார். நரம்பே இல்லாத அவ்விரண்டாம் இதயமும் தளர்ந்தது. நரம்பின் சொல் ஒரு வேதிப்பொருள் என்பது 1921இல் வெளியான இச்சோதனையால் விளங்கிற்று. அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது. 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1938இல் நாஜிகள் அவரைச் சிறையிட்டனர். யூதராகிய அவர் பரிசுப் பணத்தை அவர்களிடம் இழந்து நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

1967 டிசம்பர் 3ஆம் நாள் கேப்டவுனில் முதல் முறையாக ஒரு மனிதரின் இதயம் மற்றொரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அவ்வாறு பொருத்தப்படும் இதயத்தின் நரம்புகள் அறுபட்டே இருக்கும். ஆயினும் அது தானாகவே துடிக்கும். வேகஸின் தடையில்லாததால் ஓய்விலும் நிமிடத்துக்கு 90 முதல் 110 முறை வரை துடிக்கும். அதைப் பெற்றவர் முன்பு நேசித்தவரையே நேசிக்கிறார், இறந்தவருக்காகவே அழுகிறார். கிறிசிப்பஸின் வழக்கில் இறுதித் தீர்ப்பு இதுவே எனலாம். மனம் இதயத்தில் இல்லை.

அப்படியாயின் புலவர்களின் சாட்சியம் பொய்யா? வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, மூளையின் ஆணையைக் கீழே கொண்டுவருவன அல்ல. உள்ளுறுப்புகளின் நிலையை மூளைக்கு எடுத்துச் செல்வன. தலை ஆள்கிறது, நெஞ்சு ஓயாமல் முறையிடுகிறது. அம்முறையீட்டைக் கேட்டவர்களே புலவர்கள். ஆணை எங்கே பிறக்கிறது என்று அவர்களைக் கேட்டது கிறிசிப்பஸின் பிழை. துயரம் எங்கே உணரப்படுகிறது என்று கேட்டிருந்தால், அவர்களைவிடச் சிறந்த சாட்சிகள் கிடைத்திரார். அவர்களுடைய சொல்லை ஒரேயடியாகத் தள்ளியது கேலனின் பிழை.

இதே எச்சரிக்கை தமிழ் மரபைப் பேசுவோருக்கும் வேண்டும். தலையில் புறப்பட்டு, நெஞ்சுக்குள் இறங்கி, மிடற்றுக்குத் திரும்பும் நரம்பின் வழியையும், தலை, மிடறு, நெஞ்சு என்னும் தொல்காப்பியரின் மூன்று இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் உள்ளம் துள்ளுவது இயல்பு. ஆனால் தொல்காப்பியர் நரம்பைக் கூறவில்லை, காற்றையே கூறினார். கூறாததை அவர்மேல் ஏற்றிப் புகழ்வது, அவர் கூறியதன் அருமையைக் குறைப்பதாகும். கத்தியின்றி, விலங்கின் அலறலின்றி, தன் குரலையே உற்றுக் கேட்டு, காற்று எழும் இடத்தையும் தங்கும் இடத்தையும் சொன்னது அவர் பெருமை. உந்தி மட்டத்து வயிற்றுத் தசைகளும் விலாத் தசைகளும் அமுக்கிக் காற்றை மேலே செலுத்துவதைக் கேலன் வேறு வழியில் சென்று கண்டார். உற்றுக் கேட்டவரும் அறுத்துப் பார்த்தவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே உடலின் முன் நின்றார்கள்.

ஒரு கவிதை உரக்கப் படிக்கப்படும் ஒவ்வொரு முறையும், அதற்கான ஆணை தலையிலிருந்து இறங்கி, துடிக்கும் பெருந்தமனியின் அடியில் வளைந்து, அதன் அதிர்வை ஒட்டியே மேலேறி மிடற்றை அடைகிறது. நேர்வழி இருந்தும் குரல் நெஞ்சைத் தொடாமல் வருவதில்லை.